மீதி வயல்

புனே
12.3.2024

அன்புள்ள மாமாவுக்கு,

சிவப்ரியா வணக்கத்துடன் எழுதுகிறேன். நானும் உங்கள் மகன் கலையும் இங்கே நன்றாக இருக்கிறோம். உங்கள் முட்டிவலி குறைந்ததா? காது எப்படி இருக்கிறது? போன வாரம் போனில் “அரிசி வந்துடுச்சு மாமா” என்று கத்தினேன். “அரசிக்குக் கல்யாணமா? எந்த அரசி?” என்று கேட்டீர்கள். கலை விழுந்து விழுந்து சிரித்தார். அப்போதே முடிவு செய்துவிட்டேன், இனி உங்களுக்குக் கடிதம்தான். நீங்களும் எழுத வேண்டும்.

இரண்டு மூட்டையும் நனையாமல் வந்து சேர்ந்தன. அன்றைக்கே உலை வைத்தேன். கொதி வந்ததும் வீடு முழுக்க நம் போலகம் ஊர் வாசனை. ஊரடங்கு வருஷம் நாங்கள் இருவரும் அங்கே வந்து தங்கியிருந்தோமே, அந்த ஞாபகம் வந்துவிட்டது. கலை மாடியில் கம்ப்யூட்டரோடு கத்திக்கொண்டிருப்பார். நீங்கள் வயலிலிருந்து வந்து கால் கழுவுவீர்கள். அத்தை சோற்றை வடித்துவிட்டு, கஞ்சியில் உப்புப் போட்டு முதலில் என் கையில்தான் கொடுப்பார்கள். “கடையில அரிசி வாங்குன வூட்டுப் பொண்ணு, இத குடிச்சிப் பாரு” என்பார்கள். என் அப்பா காரைக்காலில் அரசாங்க ஆபீசில் இருந்தவர். அரிசி என்றால் எங்களுக்கு மளிகைக் கடைப் பைதான். அது எங்கே விளைகிறது என்று இருபத்தாறு வயதில்தான் பார்த்தேன்.

நாம் நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டது அந்த ஒரு வருஷம்தான். அடுத்த வருஷம் அத்தை இல்லை.

ஒன்று கேட்க வேண்டும். வண்டு வராமல் இருக்க மூட்டையில் மாத்திரை ஏதாவது போடுவீர்களா? சும்மாதான் கேட்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மருமகள்
சிவப்ரியா


போலகம்
30.3.2024

அன்பு மருமகள் சிவப்ரியாவுக்கு,

மாமா திருஞானசம்பந்தம் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நான் சௌக்கியம். முட்டிவலி வெயில் வந்ததும் போய்விட்டது. காது அப்படியேதான் இருக்கிறது. நீங்கள் இருவரும் சுகமாக இருக்கச் சாமியை வேண்டிக்கொள்கிறேன்.

கடிதம் வந்த அன்று தபால்காரரே நம்பவில்லை. “பேங்க் நோட்டீசு இல்லீங்க, நெசமாவே லெட்டருங்க” என்று சொல்லிக் கொடுத்தார். மூன்று தரம் படித்தேன். கடைசியாக எனக்குக் கடிதம் எழுதியது உன் அத்தைதான். கல்யாணமான புதிதில் அவள் தாய்வீட்டுக்குப் போனபோது எழுதினாள். அதில் பாதி, மாட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லித்தான் இருந்தது.

மூட்டையில் மாத்திரை போடுவதில்லை. காய்ந்த வேப்பிலையும் நொச்சியும்தான். உன் அத்தை குஞ்சம்மா செய்த மாதிரியே செய்கிறேன். அவள் இலையை நிழலில் காயவைப்பாள். நான் அவசரத்தில் வெயிலில் போட்டுவிட்டேன். உனக்கு அனுப்புவதில் எதுவும் கலக்கமாட்டேன் அம்மா.

உளுந்து எடுத்தாகிவிட்டது. இங்கே வேறு விசேஷம் இல்லை. கலையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்.

ஆசிகளுடன்
மாமா


புனே
20.4.2024

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் நலம். அங்கே வெயில் எப்படி? மத்தியானத்தில் வெளியே போகாதீர்கள்.

நான் எழுதப் போவதைத் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எங்கள் குடியிருப்பில் ஞாயிற்றுக்கிழமை ஒரு அம்மா வந்து பேசினார். அரிசியில் என்னென்ன இருக்கிறது என்று திரையில் படம் படமாகக் காட்டினார். மண்ணிலும் தண்ணீரிலும் இருந்து ஆர்சனிக் வருகிறதாம், காட்மியம் வருகிறதாம். மேலே பூச்சிமருந்து வேறு. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் கவனமாக இருக்க வேண்டும் என்றார். கேட்டவர்கள் எல்லாம் வெலவெலத்துப் போனார்கள். அன்றிலிருந்து குடியிருப்பு வாட்ஸ்அப்பில் இதே பேச்சு. ஒருவர் அரிசியே வேண்டாம் என்கிறார், ஒருவர் அரிசியை எட்டுத் தடவை கழுவு என்கிறார், இன்னொருவர் பிளாஸ்டிக் அரிசி என்று ஒரு வீடியோ போடுகிறார்.

நானும் படித்தவள்தான். எல்லாவற்றையும் நம்பவில்லை. ஆனால் அன்று இரவு தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டே இருந்தேன். கலை, “எங்கப்பா வெளயவச்சதுடி, சாப்பிடு” என்றார். சாப்பிட்டேன். ஆனால் பயத்தோடு சாப்பிட்டேன். நம் வீட்டு அரிசியைப் பயத்தோடு சாப்பிடும்படி ஆகிவிட்டதே என்று அழுகை வந்தது.

நம் வயலில் மருந்து அடிப்பீர்களா மாமா? ஊரடங்கு வருஷம் நான் பார்த்த ஞாபகம் இல்லை. அதனால்தான் கேட்கிறேன்.

சிவப்ரியா


போலகம்
15.5.2024

அன்பு மருமகளுக்கு,

ஆசீர்வாதம். சுகமாக இருக்கிறேன்.

பதில் எழுத நாளாகிவிட்டது. கோபம் என்று நினைக்காதே. முதலில் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. பிறகு குஞ்சம்மா இருந்தால் என்ன சொல்வாள் என்று யோசித்தேன். “கேக்கட்டுமே, திங்கிறவதானே கேக்கணும்” என்பாள்.

எங்கள் வீட்டுப் பிள்ளை சாப்பிடும் நெல்லில் நான் மருந்து அடித்ததில்லை. கலைவாணன் சின்னப் பையனாக இருந்த காலத்திலிருந்து இதுதான் வழக்கம். நீ பயமில்லாமல் சாப்பிடு.

நீ கேட்டதும் பழையதெல்லாம் ஞாபகம் வந்தது. எனக்குக் கல்யாணமான வருஷம் வயலில் மீன் இருக்கும். அறுப்புக்கு முன்னால் தண்ணீரை வடிக்கும்போது மடையில் கூடையை வைப்போம். கெண்டை, கெளுத்தி, குரவை எல்லாம் துள்ளிக்கொண்டு வந்து விழும். பட்டினச்சேரியிலிருந்து கடல்மீன் கொண்டுவரும் அம்மாள் கூட, “இன்னைக்கி ஒங்க தெருவுல எனக்கு வேல இல்ல” என்று திரும்பிப் போய்விடுவாள். குஞ்சம்மாவுக்குக் குரவை மீனைப் பிடிக்கத் தெரியாது. கை வழுக்கி, சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். புதுப்பெண். சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். எழுந்திருக்காமலே சிரித்தாள்.

இப்போது வயலில் மீன் இல்லை.

தோட்டத்து மாமரம் இந்த வருஷம் நன்றாகக் காய்த்திருக்கிறது. ஊறுகாய் போடத் தெரிந்தவர்கள்தான் வீட்டில் இல்லை.

மாமா


புனே
30.6.2024

அன்புள்ள மாமாவுக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்துகொண்டு படியுங்கள். இரண்டு விஷயம்.

முதலாவது, உங்களுக்குப் பேரப்பிள்ளை வரப் போகிறது. ஐந்தாம் மாதம் நடக்கிறது. போன வருஷம் ஆனது போல ஆகிவிடுமோ என்ற பயத்தில் யாருக்கும் சொல்லவில்லை, என் அம்மாவுக்குக் கூட. நேற்று டாக்டர் பார்த்துவிட்டு, எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். முதல் கடிதம் உங்களுக்குத்தான். நான் ஏன் அரிசியைப் பற்றி அப்படித் துருவித் துருவிக் கேட்டேன் என்று இப்போது உங்களுக்குப் புரியும்.

இரண்டாவதைச் சொன்னால் திட்டுவீர்கள். உங்கள் பதில் வந்த பிறகும் மனசு அடங்கவில்லை. நீங்கள் அனுப்பிய அரிசியில் கொஞ்சம் எடுத்து இங்கே ஒரு பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தேன். உங்களைச் சந்தேகப்பட்டதாக நினைக்காதீர்கள். முடிவு வந்துவிட்டது. பூச்சிமருந்து ஒன்று கூட இல்லை. ஆர்சனிக் மண்ணிலிருந்து எல்லா அரிசியிலும் கொஞ்சம் வருமாம், நம்முடையதில் அது வரம்புக்கு ரொம்பக் கீழே. அந்தத் தாளை வைத்துக்கொண்டு அடுப்படியில் நின்று அழுதேன். பிறகு இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

சந்தோஷத்தில் எதிர்வீட்டு ஷகீலிடம் காட்டினேன். அவர் நம் காரைக்கால்தான், அம்மாவோடு இங்கே இருக்கிறார். அவர் நாலு பேரிடம் சொல்ல, இப்போது பத்து வீட்டில் நம் அரிசி வேண்டும் என்கிறார்கள். கலை எல்லோருக்கும் சரி என்று சொல்லிவிட்டார். அடுத்த அறுவடையிலிருந்து அனுப்ப முடியும்தானே? உங்கள் நெல்லை ஊர் பேர் தெரியாத வியாபாரிக்குப் போடுவதை விட, இது எவ்வளவு நல்லது!

பதில் உடனே வேண்டும்.

சிவப்ரியா


போலகம்
5.9.2024

அன்பு மகள் சிவப்ரியாவுக்கு,

இனி மருமகள் என்று எழுதமாட்டேன்.

உன் கடிதத்தைச் சாமி மாடத்தில் வைத்திருக்கிறேன். குஞ்சம்மா படத்துக்கு முன்னால் வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். எனக்குத்தான் காது கேட்காது, அவளுக்குக் கேட்டிருக்கும். மாடி ஏறி இறங்காதே. கனமானதைத் தூக்காதே. தலைப்பிள்ளைக்கு அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும். மசக்கையில் பச்சை நெல்லை உரித்து உரித்து வாயில் போட்டுக்கொள்வாள். எவ்வளவு திட்டினாலும் கேட்கமாட்டாள்.

இரண்டு மாதம் பதில் எழுதாமல் விட்டுவிட்டேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஆற்றில் தண்ணீர் வரத் தாமதமாகி, வேலை தள்ளிப் போய்விட்டது. இப்போதுதான் விதை விட்டிருக்கிறோம்.

பரிசோதனைக்குக் கொடுத்ததில் எனக்கு வருத்தம் இல்லை.

அக்கம்பக்கத்து வீடுகளுக்கு அரிசி கேட்டிருந்தாய். அது சரிப்படாது அம்மா. விட்டுவிடு.

வளைகாப்பு எப்போது என்று எழுது.

மாமா


புனே
18.9.2024

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். குழந்தை உதைக்கிறது. வளைகாப்பை இங்கேயே எளிமையாக வைத்துக்கொள்கிறோம். பிரயாணம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகன் போனில் கத்தியதற்கு நான் மன்னிப்புக் கேட்கிறேன். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

“பத்து வூடுப்பா! நல்ல வெலைக்கு எடுத்துக்கறேங்கறாங்க. ஏன் வேணாங்கறீங்க?”

“வேணாம்னா வுடேன்டா” என்றீர்கள்.

“காரணம் சொல்லுங்கப்பா.”

நீங்கள் போனை வைத்துவிட்டீர்கள். காது கேட்காமல் வைத்தீர்கள் என்றார் கலை. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அன்று மாலை ஷகீல் வந்தார். அவர் அம்மாவுக்குச் சிறுநீரகத்தில் கோளாறு. “அக்கா, உம்மாவுக்கு ஒரு வேளையாவது சோறு வேணும். டாக்டர் எதக் கேட்டாலும் ஜாக்கிரதைங்கறாரு. ஒங்க மாமனார் அரிசின்னா கண்ண மூடிக்கிட்டுக் குடுப்பேன்” என்றார். நான் என்ன பதில் சொல்வது?

வேலை அதிகம் என்றால் ஆள் வைத்துக்கொள்ளலாம். மில்லுக்கு எடுத்துப் போவது கஷ்டம் என்றால் அதையும் பார்த்துக்கொள்ளலாம். ஏன் மாமா? நீங்கள் சொல்லாமல் விட்ட ஏதோ ஒன்று உங்கள் கடிதத்தில் இருக்கிறது. எவ்வளவு படித்தாலும் அது என்ன என்று எனக்குப் புரியவில்லை.

சிவப்ரியா


போலகம்
6.10.2024

அன்பு மகளுக்கு,

ஆசீர்வாதம். நான் சுகம். நீ நல்லபடியாக இருக்க வேண்டும்.

கேட்டுவிட்டாய், சொல்லிவிடுகிறேன்.

நான் எழுதியது பொய் இல்லை. எங்கள் வீட்டுப் பிள்ளை சாப்பிடும் நெல்லில் மருந்து அடிப்பதில்லை. ஆனால் அது மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு மூலை மட்டும்தான். உனக்கு வருவது அந்த மூலை நெல். மீதி வயல் முழுக்க மருந்து அடிக்கிறேன். அது வியாபாரிக்குப் போகிறது. நீ இங்கே இருந்த வருஷமும் அடித்தேன். நீ கொட்டகைப் பக்கம் மட்டும் வந்து உட்காருவாய், அதனால் பார்க்கவில்லை.

கலைவாணன் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது நடந்தது இது. சுப்ராயன் என்று நம்மிடம் வேலை செய்தவர் மருந்து அடித்துக்கொண்டிருந்தார். எதிர்க்காற்று. திடீரென்று வரப்பில் சாய்ந்துவிட்டார். வாயில் நுரை. டெம்போவில் போட்டுக் காரைக்கால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். பிழைத்துவிட்டார். இன்றைக்கும் மருந்து வாடை வந்தால் அவர் வேறு தெரு வழியாகப் போவார். அன்று உன் அத்தை வயலுக்கே வந்து நின்றாள். “எம் புள்ள திங்கிற நெல்லுல இந்த எழவ அடிக்காதீங்க. ஒரு மூலையாவது வுடுங்க” என்றாள். ஒரு மூலையாவது என்றுதான் கேட்டாள். முழு வயலையும் விடு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன் என்று அவளுக்குத் தெரியும்.

இங்கே பலரும் இப்படித்தான், வீட்டுக்கு ஒரு பக்கம், விற்பதற்கு ஒரு பக்கம். யாரும் இதைத் தப்பாக நினைப்பதில்லை. நானும் நினைத்ததில்லை. உன் பரிசோதனை முடிவைப் படித்ததும் நெஞ்சு நிறைந்துவிட்டது. அடுத்த வரியில் பத்து வீடு என்று எழுதியிருந்தாய். காகிதத்தை மடித்து வைத்துவிட்டேன். மீதி வயல் நெல்லைச் சாப்பிடுகிறவர்களுக்கும் வீடு இருக்கும், அந்த வீட்டில் ஒரு அம்மா இருப்பாள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது. இத்தனை வயதுக்குப் பிறகு.

இந்த சம்பாவில் மூலையோடு சேர்த்து இன்னும் இரண்டு மா நிலத்தை, அரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேல் வரும், மருந்து இல்லாமல் விட்டுப் பார்க்கிறேன். வந்தால் ஷகீல் தம்பியின் அம்மாவுக்கு ஆகும்.

மாமா


போலகம்
14.12.2024

அன்பு மகளுக்கு,

பேத்தி பிறந்த செய்தியைக் கலைவாணன் போனில் கத்திச் சொன்னான். பெண் என்பதும் நீ சுகம் என்பதும் மட்டும் காதில் விழுந்தது. அதுவே போதும். தெருவுக்கெல்லாம் சர்க்கரை கொடுத்தேன். இளவேனில் என்று பெயர் வைத்ததாக மறுபடி செய்தி அனுப்பினான். நல்ல பெயர்.

என் போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. பிள்ளை பெற்ற உடம்பு, அதனால் இருக்கும் என்று ஒரு நாள் நினைப்பேன். என்மேல் கோபம், அதனால் இருக்கும் என்று மறுநாள் நினைப்பேன். எதுவானாலும் நியாயம்தான்.

இங்கே நடந்ததை எழுத வேண்டும். கார்த்திகை மழையில் வயலில் தண்ணீர் தேங்கியது. வடிந்ததும் புகையான் பூச்சி இறங்கிவிட்டது. தூரில் உட்கார்ந்து சாறை உறிஞ்சும், பயிர் தீய்ந்தது போல வட்டம் வட்டமாகக் காய்ந்துவிடும். நான் மருந்து அடிக்காமல் விட்டிருந்த இரண்டு மாவில்தான் முதல் வட்டம் விழுந்தது. தண்ணீரைச் சுத்தமாக வடித்தேன். பயிரை விலக்கி வெயில் படச் செய்தேன். இன்னும் நாலு நாள் பார்ப்போம் என்றிருந்தேன்.

அடுத்த வயல்காரன் செம்பியன் வரப்பில் வந்து நின்றான். நல்ல பிள்ளை, எனக்கு மகன் மாதிரி.

“மாமா, ஒங்க பக்கத்துலேருந்து எம் பக்கம் ஏறுது. இன்னைக்கே அடிங்க.”

“நாலு நா பொறுடா. தண்ணிய வடிச்சிருக்கேன்.”

“நாலு நாளுல எங்கொல்ல பயிரு கருகிடும். தைக்கு மூத்ததுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன். ஒங்க பேத்தி திங்கணும்னு எம் பொண்ணு கல்யாணம் நிக்கணுமா?”

அவன் கண் கலங்கியிருந்தது. மருந்துக்கடை அன்பழகனிடம் போய் வாங்கி வந்து, ஆள் விட்டு அடித்துவிட்டேன். இரண்டு மாவிலும் அடித்தாகிவிட்டது. மூலையிலும் அடித்தாகிவிட்டது. இருபத்துச் சொச்சம் வருஷத்தில் முதல் தடவை. அன்று வீட்டுக்கு வந்து குஞ்சம்மா படத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

பயிர் பிழைத்துவிட்டது. ஆனால் இந்த வருஷம் உனக்கு அரிசி அனுப்பமாட்டேன். அங்கேயே நல்லதாகப் பார்த்து வாங்கிக்கொள். குழந்தை விஷயம்.

மாமா


புனே
10.1.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நானும் இளவேனிலும் நலம். அவளுக்கு உங்கள் நெற்றி. தூங்கும்போது அதைச் சுருக்குகிறாள், நீங்கள் வானத்தைப் பார்ப்பது போலவே. மூன்று வாரம் முன்னாலேயே பிறந்துவிட்டதால் கொஞ்ச நாள் ஆஸ்பத்திரியிலேயே இருந்தோம். இப்போது நன்றாகத் தேறிவிட்டாள்.

பதில் எழுதாததற்குப் பிரசவம் மட்டும் காரணம் இல்லை. உங்களிடம் மறைக்கமாட்டேன். அந்த அக்டோபர் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை, நிம்மதி. அப்பாடா, நம் மூலை சுத்தம், என் பிள்ளைக்குக் கவலையில்லை என்றுதான் மனசு சொன்னது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் மற்றவர்கள் ஞாபகமே வந்தது. என்னை நினைத்து எனக்கே பயமாகிவிட்டது. உங்களுக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவை மூடி வைத்துவிட்டேன். நீங்கள் அங்கே என் கோபத்தை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள் என்று தோன்றவே இல்லை. அது என் தப்பு.

ஷகீலிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவருக்கு வருத்தம் வரும் என்று நினைத்தேன். “அப்ப நாங்க இத்தன வருசமா சாப்புடறது யாரோ ஒருத்தர் வூட்டு மீதி வயலுதானேக்கா” என்றார். குற்றம் சொல்கிற குரல் இல்லை. வீட்டுக்குப் போய் அவர் அம்மாவிடமும் அப்படியே சொன்னாராம். அந்த அம்மா, “வெளஞ்ச எடமாவது தெரிஞ்ச எடமா இருக்கட்டும், அதயே வாங்கு” என்றாராம்.

மற்ற வீடுகளில் பலர் நம் அரிசிப் பேச்சை விட்டுவிட்டார்கள். கலை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, “சுப்ராயன் மாமா வுழுந்தப்ப நான் பள்ளிக்கூடத்துலேருந்து ஓடிப் போய்ப் பாத்தேன்டி. அப்பா என்னப் பாக்க வேணாம்னு தொரத்துனாரு” என்று மட்டும் சொன்னார்.

அரிசி அனுப்புங்கள் மாமா. அடித்த நெல்லானாலும் அனுப்புங்கள். ஊரெல்லாம் சாப்பிடுவதை நான் சாப்பிடமாட்டேன் என்று இருக்க எனக்கு மனசில்லை. செம்பியன் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு எங்கள் வாழ்த்தைச் சொல்லுங்கள். அவர் கேட்டதில் தப்பில்லை.

சிவப்ரியா


புனே
22.4.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். இளவேனில் இப்போது குப்புற விழுகிறாள்.

போன மாதம் வந்த மூட்டையில் பாதியை ஷகீல் வீட்டுக்குக் கொடுத்தேன். கொஞ்சத்தை மறுபடியும் பரிசோதனைக்குக் கொடுத்தேன். இந்தத் தடவை நானும் ஷகீலும் சேர்ந்தே போனோம். மருந்து இருக்கிறது. ஆனால் அனுமதித்த அளவுக்குள் இருக்கிறது. அறுவடைக்கு ரொம்ப முன்னாலேயே அடித்ததால் குறைந்திருக்கும் என்றார்கள். அந்தத் தாளை எங்கள் டாக்டரிடமும் ஷகீல் அம்மாவின் டாக்டரிடமும் காட்டினோம். இரண்டு பேருமே, சாப்பிடலாம், பயப்பட வேண்டாம் என்று சொன்னார்கள்.

போன தடவை ஒன்றுமே இல்லை என்று இருந்தது. இந்தத் தடவை ஒரு சின்ன எண் இருக்கிறது. முன்பு என்றால் அந்த எண்ணைப் பார்த்து நடுங்கியிருப்பேன். இப்போது நடுக்கமும் இல்லை, முழு நிம்மதியும் இல்லை. கடையில் அரிசி வாங்குகிற எல்லோரும், எந்த எண்ணும் தெரியாமல் இப்படித்தான் வாழ்கிறார்கள். என் அப்பாவும் அப்படித்தான் என்னை வளர்த்தார்.

இளவேனிலுக்கு ஆறு மாதம் முடிகிறது. முதல் சோறு போலகத்தில்தான். மே மாதம் வருகிறோம். என்ன சோறு என்று யோசிக்காதீர்கள். வீட்டில் இருக்கிற சோறு.

சிவப்ரியா


போலகம்
8.6.2025

அன்பு மகள் சிவப்ரியாவுக்கும், கலைவாணனுக்கும், என் குட்டிக்கும்,

ஆசீர்வாதம். நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தீர்கள் என்று போனில் கேட்டது. ரயிலில் குழந்தை அழுதாளா?

நீங்கள் போன பிறகு வீட்டில் சத்தம் இல்லை. எனக்குத்தான் கேட்காதே, சத்தம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று நினைப்பாய். அப்படி இல்லை. கூடத்தில் நீங்கள் எல்லோரும் உட்கார்ந்து அவளுக்குச் சோறு ஊட்டியபோது எனக்கு ஒரு வார்த்தை கூடச் சரியாகக் கேட்கவில்லை. ஆனால் அவள் முதல் வாயைத் துப்பிவிட்டு, இரண்டாவது வாய்க்கு வாயைத் திறந்ததும் எல்லோரும் சிரித்தீர்களே, அது கேட்டது. ஊரடங்கு வருஷத்துக்குப் பிறகு இந்தக் கூடத்தில் அப்படி ஒரு சிரிப்பு இல்லை.

நேற்று செம்பியன் வந்தான். கல்யாணத்துக்குப் பிறகு என் முகத்தைச் சரியாகப் பார்க்காமல் இருந்தவன். வரப்பில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கேட்காத காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு, பிறகு ஞாபகம் வந்து இந்தப் பக்கம் மாறினான்.

“பாப்பாவுக்கு எந்த நெல்லு மாமா ஊட்டுனீங்க?”

“இதுல வெளஞ்சதுதான். அடிச்ச நெல்லுதான்.”

காலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான்.

“எங்க வூட்டுக்குன்னு நானும் ஒரு ஓரம் வுடுறேன் மாமா. ஒங்களுக்குத் தெரியாது.”

“தெரியும்டா.”

பிறகு அவனே சொன்னான்: “வர்ற சம்பாவுக்கு இந்த வரப்புக்கு அந்தாண்ட எம் பக்கம் மூணு மா, இந்தாண்ட ஒங்க பக்கம் மூணு மா, மருந்தில்லாம வுட்டுப் பாப்பமா? தனித்தனியா வுட்டாத்தானே சண்ட. சேந்து வுட்டா யார யாரு கேக்கறது?”

“பூச்சி வந்தா?”

“வந்தா ரெண்டு பேரும் சேந்து ஒக்காந்து அழுவோம்.”

சரி என்று சொல்லிவிட்டேன். என்ன ஆகுமோ தெரியாது. ஆள் பலமும் எனக்கு முன்போல இல்லை. ஆனாலும் விதைக்குச் சொல்லி வைத்துவிட்டேன்.

ஒன்றை மட்டும் உனக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். உனக்கும் ஷகீல் தம்பி வீட்டுக்கும் கொட்டகை மூலையிலிருந்து வரும். இந்த ஆறு மாவில் விளைவது உங்களுக்கு இல்லை. செம்பியன் கேட்டான், இதை என்ன செய்வது என்று. எப்போதும் போல வியாபாரிக்கே போடுவோம் என்றேன். வியாபாரி அதை மற்ற நெல்லோடு சேர்த்துத்தான் லாரியில் ஏற்றுவான். எந்த ஊருக்குப் போகும், யார் வீட்டு உலையில் விழும், ஒன்றும் தெரியாது.

போகட்டும் அம்மா. யாரோ ஒரு பிள்ளை சாப்பிடட்டும்.

அன்புடன்
மாமா திருஞானசம்பந்தம்